ஒரு டைலையாவது தூக்கிப் பாருங்கள்

“இதெல்லாம் மறைஞ்சிடும் சார். வர்றவங்க பார்த்தா புது வீடுன்னு நினைப்பாங்க.”

போன வருஷம் ஆடி மாதம், எங்கள் படுக்கையறையில் அண்ணாந்து பார்த்தபடி ஃபால்ஸ் சீலிங் காண்ட்ராக்டர் ஒருவர் சொன்னது இது. மேற்கு மாம்பலத்தில் 1994-இல் கட்டிய அடுக்ககம். எங்கள் வீடு கடைசி மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். அவர் ‘இதெல்லாம்’ என்று சொன்னது தளத்தின் மூலையில் பழுப்பாகப் பரவியிருந்த கறையை. பாயில் டீ சிந்திக் காய்ந்தது போல ஓரம் மட்டும் அடர்ந்திருக்கும். நடுவில் நூல் மாதிரி ஒரு விரிசல். நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குகிறேன். இரண்டு முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். ஐப்பசி மழைக்குத் திரும்ப வந்துவிடும்.

காண்ட்ராக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அவர் சொன்ன தொகைதான் உறுத்தியது. அவர் போன பிறகு யூடியூபில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்தேன். இவ்வளவுதானா, நாமே போட்டுவிடலாமே என்று தோன்றிவிட்டது. அடுத்தவருக்குக் காசு கொடுத்து மறைப்பதற்குப் பதில் நானே மறைத்துக்கொள்வது. என் ‘சொந்தக் கையால் செய்தல்’ இந்த லட்சணத்தில்தான் தொடங்கியது.

அந்தக் காண்ட்ராக்டர் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. நாம் கேட்பதை அவர் விற்கிறார். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாதபடி ஒரு கூரையைக் காசு கொடுத்து வாங்கி, அதன் கீழே எல்.இ.டி. வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று நம்புகிற நம்மோடுதான் வழக்கு. அந்த ‘நம்’மில் நானும் இருந்தேன்.

*

சாமான்கள் வாங்கினேன். சுவரைச் சுற்றி அடிக்க எல்-ஆங்கிள், நீளவாக்கில் ஓட மெயின் டீ, குறுக்கே மாட்ட கிராஸ் டீ, தொங்கவிட ஜி.ஐ. கம்பி, தளத்தில் அடிக்க ஆங்கர், 30 டைல். ஒரு நண்பனிடம் டிரில்லிங் மிஷின் இரவல்.

முதல் நாள் முழுக்க மட்டம் பார்ப்பதிலேயே போனது. ரசமட்டம் ஒரு முழத்துக்குத்தான் உண்மை பேசும். ஒரு அறையின் நாலு சுவருக்கும் பொதுவான மட்டம் வேண்டுமென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல்தான். கண்ணாடி மாதிரியான நீளக் குழாய், உள்ளே தண்ணி. இந்த மூலையில் ஒரு முனை, அந்த மூலையில் ஒரு முனை. இரண்டு பக்கமும் தண்ணி நிற்கும் இடத்தில் பென்சிலால் குறி. அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “முப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன், இந்த மூலை ஒரு அங்குலம் தாழ்ந்திருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் தளத்தில் ஓட்டை போட ஏணியில் ஏறினேன். மெயின் ஸ்விட்சை அணைத்தாயிற்று. அந்தக் காலத்து வீடுகளில் ஒயர் பைப் கான்கிரீட்டுக்குள்ளேயே ஃபேன் கொக்கியை நோக்கி ஓடும். அந்தத் தடத்தில் டிரில் வைக்கக் கூடாது என்பதால் சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கியிருந்தேன். முதல் மூன்று ஓட்டையும் ஒழுங்காக விழுந்தன. கான்கிரீட் மாவு கண்ணிலும் வாயிலும் கொட்டியது. கழுத்து ஒடிந்துவிடும் போல வலி. நாலாவது ஓட்டை கறைக்குப் பக்கத்தில். டிரில் எதிர்ப்பே இல்லாமல், பன்னில் விரலை விட்ட மாதிரி உள்ளே போனது. எடுப்பதற்குள் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிமென்ட் பாளமாகக் கழன்று, என் தோளில் பட்டு, கட்டில் மேல் விழுந்தது. மேலே பார்த்தால் கம்பி. அதைக் கம்பி என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். விரலால் தொட்டதும் வெல்ல அச்சு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது.

அந்தப் பாளம் விழுந்தது என் தலையணைக்கு அரை அடி தள்ளி. காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்திருந்தாலும் அந்த இடத்தில் டிரில் மாட்டியிருக்கும், பாளம் விழுந்திருக்கும். அப்புறம்? அரை அடி தள்ளி வேறொரு ஓட்டை போட்டுவிட்டு மேலே போயிருப்பார்கள். அன்றைக்குள் வேலையை முடிக்கவேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்? மாலையில் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அழகான வெள்ளைக் கூரை இருந்திருக்கும். அதற்கு மேலே கம்பி தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டிருக்கும்.

*

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை அப்புறம்தான் படித்தேன். புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து போய்க் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். படலம் போனதும், மேலிருந்து இறங்கும் ஈரத்துக்கு இரும்பு இரையாகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் கிடையாது. அது கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. கம்பிக்குக் கீழே தளத்தில் இருக்கிற மூடல் சாதாரணமாக 20 மில்லிமீட்டர் அளவுதான். முதலில் நூல் விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் உப்பல், கடைசியில் பாளம்.

அதாவது, கட்டிடம் பேசுகிறது. முதல் மூன்று முறை மெதுவாகச் சொல்கிறது. நாலாவது முறைதான் தலையில் போடுகிறது. ஃபால்ஸ் சீலிங்கை வைத்து நாம் முதல் மூன்று முறையையும் காதில் வாங்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2021 டிசம்பர் 27-ஐ நினைத்துப் பாருங்கள். திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்புத் தொகுதி ஒன்று அன்று அப்படியே சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசல் விடுவதைக் கண்ட குடியிருப்பவர்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள், அதனால் பிழைத்தார்கள். அந்த வீடுகளில் யாருக்கும் உள்ளலங்காரத்துக்குக் காசு இருந்திருக்காது. சுவரும் தளமும் கண்ணெதிரே இருந்தன. அவர்களுக்கு அப்படிப்பட்ட கட்டிடம் வாய்த்தது வேறொரு அநியாயம், அதைத் தனியாகப் பேசவேண்டும். ஆனால் விரிசல் கண்ணில் பட்டது என்பது அந்தக் காலையில் உயிருக்குச் சமமாக இருந்தது. நம் வீடுகளில் அதே விரிசலை 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டுக்கு மேலே வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

பழைய ஃப்ளாட் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முப்பது வயதான கட்டிடத்தில், அதுவும் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில், பளபளவென்று புத்தம்புது ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ‘வாவ்’ என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுக்கு மேல என்ன இருக்குன்னு பார்க்க முடியுமா?” பார்க்க முடியாது என்று பதில் வந்தால், விலையைப் பேசுவதற்கு முன் யோசியுங்கள்.

*

பாளத்தைப் பார்த்துவிட்டு ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் சுத்தியலின் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘ணங்’ என்கிறது. கெட்ட இடம் காலிப் பானை மாதிரி ‘பொத்’ என்கிறது. பொத் என்ற இடத்தையெல்லாம் கரியால் வட்டம் போட்டார். கறை இருந்தது ஒரு மூலையில், வட்டங்கள் விழுந்தது அறையின் கால்வாசியில். “தம்பி, வியாதி மேல இருக்கு, நீங்க கீழ மருந்து போடுறீங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றித் தட்டோடு பெயர்ந்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் ஊறிப்போய்க் கிடந்தது.

மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அசோசியேஷன் கூட்டத்தில் நாலு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். “அது டாப் ஃப்ளோர்காரங்க பிரச்சினை” என்பார்கள். அன்று இரவு உதிர்ந்த கம்பியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் காலையில் ஏழு பேர் எங்கள் படுக்கையறையில் அண்ணாந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த வாரமே மாடி வேலைக்குப் பணம் பிரிந்தது.

அந்தக் கம்பி வெளியே தெரிந்ததால்தான் அது ஏழு பேருடைய பிரச்சினை ஆனது. மூடியிருந்தால், மூடுவதற்கு ஆன செலவோடு அது என் ஒருவனுடைய பிரச்சினையாகவே, அதுவும் இல்லாத பிரச்சினையாகவே, இருந்திருக்கும். ‘என் வீடு, என் காசு, நான் எப்படி வேண்டுமானாலும் அலங்கரிப்பேன்’ என்று சொல்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். அடுக்ககத்தில் என் தளம் என் தலையோடு முடிகிற விஷயம் இல்லை.

மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் ஒன்பது நாள் வேலை செய்தார்கள். கெட்டதைக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தேறாத இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக வைத்து அடைத்தார்கள். மாடியில் குழாய் வாயைச் சுற்றிப் பெயர்த்துப் புதிதாகத் தட்டோடு பதித்தார்கள். காண்ட்ராக்டர் கேட்ட தொகை கிட்டத்தட்ட முழுசாக இதில் போனது. ஒரு ரூபாய்க்குக்கூட அழகு வரவில்லை. தளம் ஒட்டுப் போட்ட போர்வை மாதிரி ஆனது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதை அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறை வரவில்லை. தை பிறந்த பிறகுதான் மறுபடி ஏணியை எடுத்தேன்.

*

அப்படியென்றால் எதற்கு சீலிங்? தளம் நன்றாகிவிட்டதே, அப்படியே விட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. ஒட்டுப் போட்ட தளத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் பதில். அழகு வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மூடலாம். மறுபடி திறக்க முடிகிற மாதிரி மூட வேண்டும் என்கிறேன்.

தொங்கு கூரையின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. ஆரம்பகால ஓட்டுக் கூரைகளில் ஒரு துண்டு அடுத்த துண்டோடு கோத்துக்கொண்டிருக்கும். நடுவில் ஓரிடத்தைப் பார்க்கவேண்டுமென்றால் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரவேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த டொனால்ட் பிரௌன் 1958-இல் விண்ணப்பித்து 1961-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். கீழே நின்றபடி எந்த ஒரு டைலையும் மேலே தள்ளி எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். அந்தக் கட்டங்கள் நிறைந்த கூரையைத்தான் நாம் ‘பேங்க் மாதிரி இருக்கு’, ‘ஆபீஸ் மாதிரி இருக்கு’ என்று கேலி செய்கிறோம். ஆபீஸில் ஏன் அதைப் போடுகிறார்கள்? மாதத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டிலும் ஒயர் உண்டு, குழாய் உண்டு, மழை உண்டு. கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதும் வீடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நாம். ரிப்பேர் என்பது நமக்கு அபசகுனம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தா வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவார்கள். ஆள் மேலே ஏறி ஒவ்வொரு ஓடாகத் தூக்கி, உடைந்ததை எடுத்து, நல்லதைத் திருப்பி வைத்து, இற்றுப்போன சட்டத்தைத் தட்டிப் பார்த்து இறங்குவார். அதற்கு ஒரு நாள், ஒரு கூலி, ஒரு சாப்பாடு. படுத்துக்கொண்டு பார்த்தால் உத்தரம் எங்கே செல்லரித்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும். நாங்கள் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பதை விளையாட்டாகச் செய்வோம். ஏழ்மையை நான் புகழவில்லை. அந்த வீட்டில் பாம்பும் விழுந்திருக்கிறது. ஆனால் கூரை என்பது வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கவேண்டிய ஒன்று என்ற அறிவு அந்த வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. ஆர்.சி.சி. வந்ததும் அதை மறந்தோம். ஃபால்ஸ் சீலிங் வந்ததும், மறந்தோம் என்பதையும் மறந்தோம்.

*

சரி, வேலைக்கு வருகிறேன். செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

என் தளத்தின் உயரம் 9 அடி 8 அங்குலம். காண்ட்ராக்டர் 1 அடி 2 அங்குலம் இறக்கச் சொன்னார், உள்வெளிச்சத்துக்கு. இறக்கினால் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.6 மீட்டருக்கும் குறைவு. குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, ஏ.சி. அறை என்றால்தான் 2.4. மின்சாரம் போகும் சித்திரை மதியத்தில் எல்லா அறையும் ஏ.சி. இல்லாத அறைதான். நான் 6 அங்குலம் மட்டும் இறக்கினேன். டைலைச் சாய்த்து உள்ளே நுழைக்க அந்த இடைவெளி போதும்.

அறை 11 அடி 6 அங்குலம், 9 அடி 8 அங்குலம். ஒரு சுவரிலிருந்து முழு டைலாக ஆரம்பித்தால் எதிர்ச் சுவரில் ஒரு கோணல் துண்டு மிஞ்சும், அறையே சரிந்த மாதிரி இருக்கும். நடுவிலிருந்து கணக்குப் போட்டேன். நீளத்தில் 5 முழு டைல், இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்து அங்குலம். அகலத்தில் 4 முழு டைல், ஓரங்களில் 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்ந்து சரியாக 30 டைல். ஒன்றை ஏணியிலிருந்து கீழே போட்டதால் 31.

ஃபேனை டீ மேல் தொங்கவிடவே கூடாது. அது தளத்துக் கொக்கியிலேயே தொங்கவேண்டும், டைலில் வழி மட்டும் விடவேண்டும். ஃபேன் இறக்கை சீலிங்கை ஒட்டிச் சுற்றினால் காற்றும் கீழே வராது, அதனால் ராடை மாற்றினேன். அப்புறம், ‘சீலிங் போட்டா ரூம் ஜில்லுனு ஆயிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலை டைல் சற்றுத் தடுக்கிறது. வெயிலை நிறுத்தவேண்டிய இடம் தளத்தின் மேல்பக்கம், கீழ்பக்கம் இல்லை.

நாலு நாள் ஆனது. “ஆள் வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்” என்றார்கள். முடிந்திருக்கும். என் வேலை அவர்களுடையதைவிட மோசம் என்பதும் உண்மை. ஜன்னல் பக்கம் ஒரு கிராஸ் டீ லேசாகக் கோணல். இன்னொரு நண்பர் வேறு மாதிரி கேட்டார்: “ஒரு தொழிலாளியோட நாலு நாள் கூலியைப் பறிச்சிட்டு, அதைப் பத்திக் கட்டுரை வேற எழுதுவியா?”

அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. தினமும் கையைத் தூக்கியபடி தலைக்கு மேலே வேலை செய்கிறவர் நாலு நாள் கழுத்துவலியை அனுபவமாக எழுதமாட்டார். நான் தொழிலாளி ஆகிவிட்டதாக நினைக்கவில்லை. ஆபத்தான வேலையை, தெரிந்தவர்களிடம்தான் கொடுத்தேன். தளத்தைக் கொத்தியது மேஸ்திரி, நான் இல்லை. நீங்களும் அதைத் தொடாதீர்கள். ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போது, அந்தச் சதுர அடிக்குள் ஒரு கழுத்து இருக்கிறது என்பது எனக்கு முன்பு தெரியாது. மேஸ்திரி சொன்ன கூலியில் ஐந்து பைசா குறைக்க வாய் வரவில்லை.

எல்லாரும் தாங்களே சீலிங் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடியாதவர்கள், நேரமில்லாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. ஆளை வைத்தே போடுங்கள். ஆனால் மூன்று விஷயங்களைப் பிடிவாதமாகக் கேளுங்கள். போடுவதற்கு முன் தளம் முழுக்கத் தட்டிப் பார்க்கவேண்டும். கறை இருந்தால் அது காய்ந்து ஒரு மழைக்காலம் தாண்டவேண்டும். ஜிப்சம்தான் வேண்டும் என்றால், ஆள் தலை நுழைகிற அளவுக்குத் திறந்து மூடும் கதவு ஒன்றாவது வைக்கவேண்டும். “அசிங்கமா இருக்கும் சார்” என்பார்கள். இருக்கட்டும்.

*

இந்த வைகாசியில் திடீரென்று ஒரு இரவு மழை. விடிந்ததும் அம்மா டார்ச்சை எடுத்து வந்து என்னை எழுப்பினாள். “ஏறிப் பாருடா” என்றாள். ஏணியில் ஏறி, மூலையில் இருக்கும் டைலை உள்ளங்கையால் மேலே தள்ளினேன். டார்ச் வெளிச்சத்தில் மேஸ்திரி வைத்த ஒட்டுகள் சாம்பல் நிறத்தில் உலர்ந்து கிடந்தன. ஒரு பல்லி ஓடியது. கரியால் போட்ட வட்டம் ஒன்று இன்னும் பாதி அழியாமல் இருந்தது.

“என்ன?” என்றாள் கீழேயிருந்து.

“காஞ்சிருக்கும்மா.”

“நல்லாப் பார்த்தியா?”

இன்னொரு டைலையும் தூக்கினேன்.